ஃபைல் வராமல் இறங்காதே

“கம்ப்யூட்டர் வேலைதானே, ஏ.சி.யில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுவதில் என்ன கஷ்டம்?” என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பொத்தானை நான் தட்டினால் என் அண்ணன் எண்ணெய் டேங்குக்குள் இறங்குவான். தட்டாவிட்டால் இறங்கமாட்டான். இதைவிடக் கஷ்டமான வேலை உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன்.

அண்ணனுக்கு எண்ணூர் பக்கம் ஒரு டேங்க் யார்டில் கான்ட்ராக்ட் வேலை. எண்ணெயை இறைத்த பிறகு டேங்கின் அடியில் தங்கும் கசடை உள்ளே இறங்கி வாரிப் போடுகிற கும்பலுக்கு அவன் மேஸ்திரி. அவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. தினமும் முதலில் இறங்குவது மேஸ்திரிதான். அவன் இறங்கி, நின்று, மூச்சு விட்டுப் பார்த்து, ‘வாங்கடா’ என்று குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். பிறகு அவன் மேலே வந்து டேங்கின் வாயருகே உட்கார்ந்துகொள்வான். மேஸ்திரி வாயை விட்டு எழுந்தால் உள்ளே ஒருத்தன்கூட இருக்கக் கூடாது, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். இதெல்லாம் எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. அவர்கள் அப்படித்தான்.

அந்தக் கசடு சும்மா கிடக்காது. இரவெல்லாம் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். அதனால் காலையில் டெஸ்டர் ஒருவர் வந்து, டேங்கின் வாய் வழியாகக் குழாயை விட்டு மீட்டரில் அளவு பார்க்க வேண்டும். அந்த அளவை ஷிப்ட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலாகப் போடுவார்கள். அது திருவொற்றியூரில் இருக்கிற எங்கள் ஆபீசுக்கு வரும். எங்கள் சாப்ட்வேர் அதைப் படித்து, அளவு சரியாக இருந்தால் யார்டு கேட்டில் இருக்கும் பிரிண்டரில் பர்மிட் அடிக்கும். பர்மிட் இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

அந்த சாப்ட்வேர் எப்போது ஓட வேண்டும், எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி வைப்பதுதான் என் வேலை. அதற்கென்று ஒரு ஷெட்யூலர் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வேலையையும் ஜாப் என்போம். ‘இந்த ஃபைல் வந்து சேர்ந்தால்தான் இந்த ஜாப் ஓடலாம்’ என்று கட்டி வைப்பதற்குப் பெயர் ஃபைல் டிபெண்டன்சி. கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. எங்கள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் தண்ணி லாரி வந்தால்தான் குடத்தைத் தூக்கு என்பது மாதிரிதான். ஆனால் லாரி வந்தது என்பதை எதை வைத்து முடிவு செய்கிறாய்? ஹார்ன் சத்தத்தை வைத்தா, தண்ணீரை வைத்தா? வினையே அங்கேதான்.

எனக்கு முன்னால் இருந்த ஆள் ஹார்ன் சத்தத்தை வைத்து முடிவு செய்திருந்தார். இன்றைய தேதி போட்ட பெயரில் ஒரு ஃபைல் வந்ததா, அவ்வளவுதான், ஜாப் ஓடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் திறந்து பார்த்தால் சில ஃபைல்களுக்குள் ஒன்றுமே இல்லை. வெறும் பெயர் மட்டும். அளவு இல்லாததால் சாப்ட்வேர் முந்தைய அளவையே வைத்து பர்மிட் அடித்துத் தள்ளியிருக்கிறது. என் அண்ணன் இறங்குகிற டேங்குகள் அவை. எத்தனை காலையில் வெறும் காற்றை நம்பி இறங்கியிருப்பான்!

உடனே மாற்றினேன். காலி ஃபைலாக இருந்தால் நில். ஃபைலின் சைஸ் ஏறிக்கொண்டே இருந்தால், அது இன்னும் முழுதாக வந்து சேரவில்லை, நில். எல்லாம் போட்டு முடித்து நிம்மதியாக மூச்சுவிட்டேன். அந்த நிம்மதி அதிக நாள் நிற்கவில்லை. ஃபைல்கள் ஒழுங்காக, நிறைவாக, நேரத்துக்கு வர ஆரம்பித்தன. ஆனால் தொடர்ந்து வந்த காலைகளில் எல்லா அளவுகளும் புள்ளி பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. மழை பெய்த நாளிலும் அதே எண், வெயில் மண்டையைப் பிளந்த நாளிலும் அதே எண். எவனோ நேற்றைய ஃபைலை எடுத்து, பெயரில் இருக்கும் தேதியை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் வஞ்சிரம் குழம்பு. நான், என் மகள், அம்மா, அண்ணன் எல்லோரும் ஒரே வீடுதான். அண்ணனுக்கு நான் இன்னும் ‘பாப்பா’தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் தட்டின் முன்னால் கொட்டினேன்.

“எந்தப் பேமானியோ நேத்து ஃபைலுக்கு இன்னிக்கித் தேதி போட்டு அனுப்பிகினு கீறான். அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும். அவன் வூட்ல அண்ணன் தம்பி யாரும் கெடையாதா? மனுசன்தானா அவன்?”

அண்ணன் தலையைத் தூக்காமல் மீனில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

“அந்தப் பேமானி நான்தான்,” என்றான்.

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“இன்னா சொன்ன?”

“காதுல வுழலியா? நான்தான் போடறேன். ஷிப்ட் ஆபீஸ் கிளார்க்கு, தனக்கு அத்தெல்லாம் எதுக்குன்னு என் கைல வுட்டுட்டான். அந்த டெஸ்டரு இன்னும் ரெண்டு எடத்துக்குப் போய்ட்டு நம்ம எடத்துக்கு வர்றதுக்குள்ள வெயில் ஏறிடுது. பெல் அடிக்கறதுக்குள்ள எறங்கலன்னா கான்ட்ராக்டர் அர நாள் ஆப்சென்ட்டு போட்டுடறான். பசங்க வவுத்துல ஈரத்துணி போட்டுக்குவானுங்களா?”

“அதுக்கு? உசுர வுடுவியா?”

“நேத்து நல்லா இருந்த டேங்கு இன்னிக்கிக் கெட்டுப் போறதுக்கு அது இன்னா பாலாடி?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் வாயில் என்னென்ன வந்ததோ நினைவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது நினைவிருக்கிறது. கசடு ராத்திரியெல்லாம் கக்கும் என்பது என்னைவிட அவனுக்குத்தான் தெரியும். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன். தெரிந்துகொண்டே, முதலில் இறங்குகிறவனும் அவனே என்று தெரிந்துகொண்டே, தன் கையால் தனக்கே பொய் பர்மிட் வாங்கிக்கொண்டிருக்கிறான். இந்தக் கிறுக்குத்தனத்தை எங்கே போய்ச் சொல்ல? நான் ராப்பகலாய்க் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டி வைத்த கட்டை, என் கூடப் பிறந்தவனே அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறான்!

“என் பொண்ணு தலைல கைய வெச்சி சொல்லு, இனிமே போடமாட்டேன்னு,” என்றேன்.

“சின்னப் புள்ள தலைல எதுக்கு? போடல, போ. பசங்க என்ன காறித் துப்புவானுங்க. உனக்கு அதானே வேணும்?”

அன்று அவன் கை கழுவிக்கொண்டு கீழே இறங்கிப் போனவன், விளக்கு வைத்த பிறகுதான் வந்தான். வந்து, மிச்சம் வைத்திருந்த குழம்பைச் சாப்பிட்டான்.

மறுநாள் நான் ஷெட்யூலரில் இன்னொரு கட்டுப் போட்டேன். முந்தைய ஃபைலும் இன்றைய ஃபைலும் ஒன்றாக இருந்தால் நில். இனி யார் போட்டாலும் செல்லாது.

அதற்குப் பிறகு பர்மிட் தாமதமாகத்தான் வந்தது. டெஸ்டர் தாமதமாக வந்தால் பர்மிட்டும் தாமதமாகத்தான் வரும். இதில் புரியாதது என்ன இருக்கிறது? இன்னொரு டெஸ்டரைப் போட்டால் தீர்ந்துவிடும். அதைச் செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் என் கழுத்தைப் பிடித்தார்கள். கான்ட்ராக்டர் யார்டு அதிகாரியிடம் கத்தினார். யார்டு அதிகாரி எங்கள் மேனேஜரிடம் கத்தினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

“அந்த ஃபைல் டிபெண்டன்சியை எடுத்துடுங்க மேடம். கஸ்டமர் ரொம்ப அப்செட்.”

“எடுத்தா செக் பண்ணாமலே பர்மிட் போவும் சார்.”

“இவ்ளோ நாள் அப்படித்தானே போச்சு? ஏதாவது ஆச்சா?”

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. ஏதாவது ஆகியிருந்தால்தான் இவர்களுக்குப் புரியும் என்றால், அந்த ஏதாவது எந்த வீட்டில் ஆக வேண்டும்? இவர் வீட்டிலா ஆகப் போகிறது?

“நீங்க இதை ரொம்ப பர்சனலா எடுத்துக்கறீங்க,” என்றார்.

“எங்க அண்ணன் உள்ள எறங்கறான் சார். பர்சனலாத்தான் எடுத்துக்குவேன். வேணும்னா உங்க வூட்லேர்ந்து யார்னா ஒருத்தர அனுப்புங்க, எடுத்துடறேன்.”

கோபம் வந்தால் என் வாயில் வியாசர்பாடி வந்துவிடும். பின்னால் இருந்த மேசையில் யாரோ ‘வூட்லேர்ந்து’ என்று என்னைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்தார்கள். சினிமாவில் எங்கள் பேச்சைக் காமெடிக்குப் பேசி எல்லோருக்கும் அது பழக்கமாகிவிட்டது. நாங்கள் அதில்தான் சண்டை போடுகிறோம், அதில்தான் பிள்ளை பெறுகிறோம், அதில்தான் சாகிறோம் என்று திரும்பி நின்று சொன்னேன். சிரிப்பு நின்றது. மேனேஜர் மட்டும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

அடுத்த நாள் ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து ஆபீசுக்குப் போய், பையைக்கூடக் கழற்றாமல் திரையைப் பார்த்தேன். அண்ணன் யார்டின் ஜாப் பச்சையாக இருந்தது. பச்சை என்றால் ஓடி முடிந்துவிட்டது, பர்மிட் அடித்தாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் எப்படி? டெஸ்டர் இன்று நேரத்தோடு வந்துவிட்டாரோ என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். ஃபைல் வந்து விழுகிற இடத்தைத் திறந்தேன். அங்கே இன்றைய தேதியில் ஒன்றும் இல்லை. காலி ஃபைல்கூட இல்லை.

ஜாப்பைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட கட்டுகள் ஒன்றையும் காணோம். சுத்தமாகத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே ஒரு வரி புதிதாக இருந்தது. ஃபைல் இல்லையென்றால் கடைசியாக வந்த அளவை எடுத்துக்கொள். மாற்றியவர் என்ற இடத்தில் மேனேஜரின் ஐ.டி. என் அண்ணன் பயந்து பயந்து திருட்டுத்தனமாகச் செய்ததை, இந்த மனுசன் பட்டப்பகலில் அதிகாரத்தோடு செய்து வைத்துவிட்டார். மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அண்ணன் போனுக்கு அடித்தேன். டேங்க் பக்கம் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாப் போனும் கேட்டில் செக்யூரிட்டி கையில்தான் இருக்கும். நல்லவேளை, பெயரைப் பார்த்து அவரே எடுத்தார்.

“உங்க அண்ணன் அப்பவே உள்ள போய்ட்டாரும்மா.”

“அவர வெளிய வரச் சொல்லுங்க. டேங்குல டெஸ்ட் எடுக்கல.”

“அதெல்லாம் சூப்பர்வைசரு சொல்லணும். இருங்க, குடுக்கறேன்.”

சூப்பர்வைசர் வந்தார். சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன், சத்தியமாக.

“பர்மிட் வந்துடுச்சேம்மா,” என்றார்.

“டெஸ்டர் வந்தாரா? நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“டெஸ்டர் வரல. ஆனா சிஸ்டமே குடுத்துடுச்சே. சிஸ்டம் ஓகே சொன்னா ஓகேதானே?”

“அந்த சிஸ்டம் நான்தான்யா!” என்று கத்தினேன். ஆபீசே திரும்பிப் பார்த்தது. “நான் சொல்றேன், ஓகே இல்ல! வெளிய கூப்புடுங்க!”

“மேடம், நீங்க யாரு என்னன்னு எனக்குத் தெரியாது. உங்க ஆபீஸ்லேர்ந்து எழுதி அனுப்பச் சொல்லுங்க, பாக்கலாம்.” போனைத் திரும்பச் செக்யூரிட்டி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

உட்கார்ந்து மெயில் எழுதுவதா? அதை யார் திறந்து, யார் படித்து, யாரிடம் சொல்வது? அதற்குள் பசங்கள் உள்ளே குனிந்து கசடைக் கிளறிக்கொண்டிருப்பார்கள். ஷிப்ட் நடுவில் கான்ட்ராக்ட் ஆளை வெளியே கொண்டுவர அந்த யார்டில் ஒரே ஒரு வழிதான் உண்டு. காய்ச்சல் என்றால் விடமாட்டார்கள், பிள்ளை பிறந்தது என்றால் சாயந்திரம் போய்ப் பார் என்பார்கள். எழவுக்கு மட்டும் யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள். அதற்குக் கையெழுத்து வேண்டாம், பர்மிட் வேண்டாம், மெயில் வேண்டாம்.

“ஐயா,” என்றேன் செக்யூரிட்டியிடம். என் குரல் தானாகவே உடைந்தது, நடிக்க வேண்டியிருக்கவில்லை. “வூட்ல எழவு வுழுந்துடுச்சி. அண்ணன வரச் சொல்லுங்க.”

“அடக் கடவுளே! இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னாம்மா? லைன்லயே இரு.”

விசில் ஊதுகிற சத்தம் கேட்டது. யாரோ ஓடினார்கள். நான் போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். மேஸ்திரி டேங்க் வாயை விட்டு எழுந்தால் எல்லோரும் வெளியே. அந்த வழக்கத்தை இன்றாவது மறந்துவிடாதீர்களடா என்று அந்தக் கும்பலில் முகம் தெரிந்த ஒவ்வொருத்தனையும் நினைத்து வேண்டிக்கொண்டேன்.

பூட்ஸ் தரையில் அறைகிற சத்தம் தூரத்திலிருந்து கிட்டே வந்தது. யார்டு உள்ளே நீளம். ஓடி வருகிறான். போனைப் பிடுங்கியது கேட்டது. மூச்சு வாங்க வாங்கத்தான் பேசினான்.

“யாரு? பாப்பா, யாருடி? அம்மாவா? கொழந்தயா? சொல்லித் தொலையேன்!”

“நீதான்,” என்றேன்.

“இன்னா?”

“நீதான் செத்துட்ட. டெஸ்ட் எடுக்காத டேங்குல எறங்கிட்டு இன்னும் இன்னா கேக்கற? பசங்க எல்லாம் வெளிய வந்துட்டாங்களா?”

திட்டினான். அவன் அப்படித் திட்டி நான் கேட்டதே இல்லை. எங்கள் செத்துப்போன அப்பாவையெல்லாம் இழுத்துத் திட்டினான். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று அந்தத் திட்டுக்கு நடுவில்தான் தெரிந்தது. எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை.

“டெஸ்டர் வரலன்னு தெரிஞ்சும் எதுக்கு எறங்கின?”

“நான் எங்கடி போட்டேன்? நான் ஃபைல தொடவே இல்ல!” என்றான். குரல் அழுகிற மாதிரி இருந்தது. “டெஸ்டருக்காகக் குந்திகினுதான் இருந்தோம். பர்மிட் தானா வந்து வுழுந்துச்சி. நீ பாக்காம வுடமாட்டியேன்னு எறங்கினேன். நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு எறங்கினேன்டி.”

எத்தனையோ காலம் பொய் என்று தெரிந்தே இறங்கியவன், இந்த முறை நிஜம் என்று நம்பி இறங்கியிருக்கிறான். என்னை நம்பி இறங்கியிருக்கிறான். அந்த மேனேஜர் என் கட்டை மட்டும் அறுக்கவில்லை, என் மேல் அவன் வைத்த நம்பிக்கையையும் சேர்த்து அறுத்திருக்கிறார்.

அப்புறம் டெஸ்டர் வந்தார். அளவு பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. ஆமாம், அன்றைக்கு டேங்கில் ஒரு கெடுதலும் இல்லை. கான்ட்ராக்டர் கும்பல் முழுவதற்கும் அரை நாள் வெட்டினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “பார்த்தீங்களா? ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்ளோ டிராமா!” என்றார். பொய் சொல்லி வேலையை நிறுத்தியதற்காக என்னை அந்த யார்டின் ஜாப்களிலிருந்து எடுத்துவிட்டு பில் அடிக்கிற ஜாப்களில் போட்டார். அளவு சரியாக இருந்தது என்பதற்காக நான் சொன்னது தப்பாகிவிடுமா? கண்ணை மூடிக்கொண்டு ஹைரோட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் உயிரோடு போய்ச் சேர்ந்தவனிடம் போய் அப்படியே நடந்துகொள் என்று சொல்வார்களா? கேட்டேன். அவர் பில் ஜாப்களின் பட்டியலை என் பக்கம் தள்ளினார்.

வீட்டில் அது வேறு கூத்து. யாரோ வந்து சொல்லிவிட்டார்கள் போல.

“நான் குத்துக்கல்லாட்டம் கீறேன், எனக்கே எழவு சொல்லிட்டியேடி!” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உப்பும் மிளகாயும் எடுத்து வீட்டில் எல்லோருக்கும் சுற்றிப் போட்டாள், திட்டிக்கொண்டே எனக்கும் சேர்த்து. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பசங்களுக்கு என்ன பதில் சொன்னானோ, தெரியாது. நாளைக்குக் காலையிலும் பர்மிட் தானாக வந்து விழும். அதைத் தடுக்க என்னிடம் இப்போது எந்தப் பொத்தானும் இல்லை.

மறுநாள் ஷேர் ஆட்டோ தண்டையார்பேட்டையைத் தாண்டும்போது போன் அடித்தது. அண்ணன். யார்டு பெல் அடிக்கிற சத்தம் பின்னால் கேட்டது.

“பர்மிட் வந்துடுச்சா?” என்றேன்.

“வந்துச்சி. மடிச்சி பாக்கெட்ல வெச்சிகினேன்.”

“எறங்காதண்ணா. கால்ல வுழறேன்.”

“எவன் எறங்கினான்? கேட்டாண்டதான் எல்லாரும் குந்திகினு கீறோம். டெஸ்டர் வந்து கொழாய வுட்டாத்தான் எறங்குவோம்னு சொல்லிட்டேன். கான்ட்ராக்டர் கத்திகினு கீறான். கத்தட்டும்.”

“பசங்க ஒத்துக்கினாங்களா?”

“பாதி பேரு மொறைக்கறானுங்க. ஆனா மேஸ்திரி எறங்காம எவன் எறங்குவான்?”

ஆட்டோ இரைச்சலில் அவன் போனை வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“பாப்பா,” என்றான். “நேத்து அந்த டேங்காண்டேர்ந்து கேட்டு வரிக்கும் ஓடியாந்தேன் பாரு. அம்மாவா, கொழந்தயா, அம்மாவா, கொழந்தயான்னு நெனச்சிகினே ஓடியாந்தேன். அந்த ஓட்டம் நீ ஓடக்கூடாதுடி.”